டெலஸ்கோப் வாங்கும் முன் ஒரு வானியல் மன்றத்தைத் தேடுங்கள்

வியாழனின் நிலவுகளைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நான் முதலில் செய்த காரியம், கடைக்குப் போய் ஒரு டெலஸ்கோப் வாங்கியது. பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வீட்டு மொட்டைமாடியில் மூன்று வாரம் போராடினேன். வியாழன் ஒரு கலங்கிய வெளிச்சமாக வந்து ஆடும், கைபட்டால் காணாமல் போய்விடும். நாலாவது வாரம் கருவி பரணுக்குப் போனது.

ஒன்றரை வருடம் கழித்து, நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அதே கருவியை ஒரு வானியல் மன்றத்தின் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் மூன்று வேலைதான் செய்தார். நான் மாட்டியிருந்த சின்ன ஐபீஸை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸை, கழற்றிவிட்டு, நான் தொடாமலே வைத்திருந்த 20 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டார். முக்காலியின் நடுவில் ஒரு துணிப்பையைக் கட்டி, அதில் இரண்டு செங்கல்லை வைத்தார். பிறகு, “பத்து நிமிஷம் வெளியிலேயே இருக்கட்டும் சார், குழாய் ஆறட்டும்” என்றார். பத்து நிமிஷம் கழித்துக் குனிந்தேன். வியாழன் ஒரு சின்னத் தட்டாக நின்றது. பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளிகள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நாலு.

கருவியில் குறை இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை. அதனால்தான் வானம் பார்க்க ஆசை என்று யார் வந்து கேட்டாலும், கருவிப் பேச்சை ஒதுக்கிவிட்டு மன்றத்தைப் பற்றியே பேசுகிறேன். எப்படித் தேடுவது, எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்பதைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம், மாடியில்

மன்றத்துக்கு வெறுங்கையோடு போகலாம், தவறே இல்லை. ஆனால் அதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் மாடியிலோ வயல்வெளியிலோ நின்று வானத்தைப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே பேசுவது உங்களுக்குப் புரியும்.

பிப்ரவரி மாதம், இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே கிட்டத்தட்ட உச்சியில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். அதுதான் ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டை. அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ், வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம். எதிர்ப்பக்கம் நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. நம் முன்னோர் அதை அறுமீன் என்றார்கள். ஆறும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். நகரத்தில் நாலு தெரிந்தாலே பெரிது. எத்தனை தெரிந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பின்னால் இருட்டான இடத்துக்குப் போகும்போது அந்த எண்ணிக்கைதான் உங்கள் அளவுகோல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி’ என்று இருக்கும். நாம் நிற்கும் அட்சரேகை எத்தனை டிகிரியோ, துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். சென்னையில் அது 13 டிகிரி, நாகர்கோவிலில் 8. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது மறைக்கும் அகலம் சுமார் 10 டிகிரி. அப்படியென்றால் நமக்குத் துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அது கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். வடக்கில் நாம் இழப்பதைத் தெற்கில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறோம். சிரியஸுக்குக் கீழே தெற்கில் ஜொலிக்கும் அகத்தியர் நட்சத்திரத்தை லண்டன்காரரால் தன் ஊரிலிருந்து ஒருநாளும் பார்க்க முடியாது.

போனில் ‘ஸ்டெல்லேரியம்’ போட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முதலில் வானத்தைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு, பெயர் தெரிந்துகொள்ள மட்டும் போனைப் பாருங்கள். போனைப் பார்த்துப் பார்த்தே நிமிர்பவர்களுக்கு ஆறு மாதமானாலும் வானம் பிடிபடுவதில்லை.

எங்கே தேடுவது

பெரிய ஊர்களில் தேடுவது சுலபம். சென்னை கோட்டூர்புரத்தில் 1988-ல் தொடங்கிய பிர்லா கோளரங்கமும், திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமும் இருக்கின்றன. காட்சி முடிந்ததும் எழுந்து வந்துவிடாமல், “இங்கே ராத்திரி வான்நோக்கல் எப்போது நடக்கும், யார் நடத்துகிறார்கள்?” என்று அலுவலகத்தில் கேளுங்கள். உள்ளூர் ஆர்வலர்களின் தொடர்பு பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூருவும் தூரமில்லை. அங்கே 1976-லிருந்து இயங்கும் அமெச்சூர் வானியலாளர் சங்கம் இருக்கிறது.

சின்ன ஊர்களில் நான் சொல்லும் வழி வேறு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லிருந்து செயல்படுகிறது, மாவட்டம்தோறும் அதற்குக் கிளைகள் உண்டு. புதுச்சேரியில் அதேபோலப் புதுவை அறிவியல் இயக்கம். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனது நினைவிருக்கும். அன்று உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் கிரகணக் கண்ணாடி கொடுத்து, வரிசை கட்டிக் காட்டியது யார் என்று விசாரியுங்கள். அந்த ஆசிரியரோ கல்லூரிப் பேராசிரியரோதான் உங்கள் ஊர் வானியல் மன்றத்தின் வாசல். பெயர்ப்பலகை இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குழுவாக மட்டும் இருந்தாலும் அது மன்றம்தான். நாலு பேர், ஒரு கருவி, மாதம் ஒருமுறை கூடும் வழக்கம், இவ்வளவு போதும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சந்தா கட்டும் முன் ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்வாருங்கள். நல்ல மன்றம் எதுவும் அதை மறுக்காது. போனில் பேசும்போதே இவற்றைக் கேட்டுவிடலாம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடுகிறீர்கள்? மேகம் மூடினால் கூட்டம் உண்டா? மன்றத்துக்குச் சொந்தக் கருவி இருக்கிறதா, உறுப்பினர் அதை இரவல் எடுக்கலாமா? சந்தாவுக்கு ரசீது தருவீர்களா?

மேகம் மூடினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் நம் வானத்தை மாறி மாறி மறைக்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு அறுவடைக் காலம். மழை மாதங்களிலும் ஒரு அறையில் கூடி வரைபடம் படிப்பது, டெலஸ்கோப் செய்யக் கண்ணாடி தேய்ப்பது, போன சீசனில் எழுதியதைப் பேசுவது என்று தொடரும் மன்றங்கள் வருடக்கணக்கில் நிலைக்கின்றன. தெளிந்த வானத்துக்கு மட்டும் கூடுபவர்கள் இரண்டு ஐப்பசியில் கலைந்துவிடுகிறார்கள்.

பெண்களும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். இரவு எத்தனை மணிக்கு முடியும், திரும்பி வர என்ன ஏற்பாடு, வெளியூர்ப் பயணத்தில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் உண்டா, பொறுப்பில் பெண் உறுப்பினர் யாராவது இருக்கிறாரா? இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். கேட்கும் முன்பே சொல்லிவிடுகிற இடத்தில் நம்பிச் சேருங்கள்.

இன்னொன்று. பேச்சு ராசிக்கல்லிலோ பரிகாரத்திலோ போய் முடிந்தால், அது வானியல் மன்றம் அல்ல, எழுந்து வந்துவிடுங்கள். ஆனால், “என் நட்சத்திரம் கேட்டை சார், அது எங்கே இருக்கு?” என்று கேட்டு வருபவரை நாங்கள் விரட்டுவதில்லை. விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக மினுங்கும் அந்தக் கேட்டையையே காட்டுகிறோம். சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலமான நட்சத்திரம் அது. தன் நட்சத்திரத்தை ஜாதகக் கட்டத்தில் மட்டுமே பார்த்து வந்தவர்கள் அதை வானத்தில் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த நாளில் போவது

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரே போதும். வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை நிலாவுக்கு நல்ல நாட்கள், பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளை இந்த நாட்களில்தான் வைப்பார்கள். பௌர்ணமிக்குப் போனால் ஏமாற்றம்தான். வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இல்லாமல் நிலா தட்டையாகத் தெரியும். பாதி நிலாவில், ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும்போதுதான் அது ஒரு நிலப்பரப்பு என்று மனம் நம்புகிறது. நட்சத்திரக் கூட்டங்கள், நெபுலா என்னும் வாயு மேகங்கள், கேலக்ஸி என்று மங்கலான பொருட்களைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறு.

முதல் கூட்டத்தில்

இருட்டும் முன்பே போய்விடுங்கள். கருவிகளை நிறுத்துவதையும் திசை பார்ப்பதையும் அரை வெளிச்சத்தில் கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்தது. தண்ணீர் பாட்டில், கொசுவர்த்தி அல்லது கொசுக் களிம்பு, ஒரு பாய், நோட்டுப் புத்தகம், பென்சில். மார்கழி, தை என்றால் தலைக்கு ஒரு துண்டு, ஏனென்றால் பனி முதலில் தலையில்தான் இறங்கும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிஷம் ஆகும். யாராவது போன் டார்ச்சை ஒரு விநாடி அடித்தால், அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் அந்த அரைமணி நேரம் வீணாகிவிடும். சிவப்பு வெளிச்சம் அந்த அளவு கெடுப்பதில்லை. அதனால் பேன்சி கடையில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி, மூன்று நாலு மடிப்பாக டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு போங்கள். போன் திரையின் வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துவிடுங்கள். காரில் போனால் முகப்பு விளக்கை எங்கே அணைக்க வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர் சிவப்பு டார்ச்சோடு வந்து நின்றால் பழையவர்களுக்கு அவர்மேல் உடனே ஒரு பிரியம் வந்துவிடும்.

ஐபீஸில் பார்க்கும்போது குழாயைப் பிடிக்காதீர்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனியுங்கள். முதல் பார்வையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அது சகஜம். கண்ணை ஒரு விரல் அகலம் பின்னுக்கு இழுத்து மெதுவாக நெருங்குங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃபோகஸைத் திருப்பலாமா என்று கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.

மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதிக்குத்தான் குறைந்த ஒளியை உணரும் சக்தி அதிகம். ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும் ஒமேகா சென்டாரியை இப்படிப் பார்த்துப் பழகுங்கள். முதலில் ஒரு பஞ்சு உருண்டை. பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் ஓட்டினால், கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல அது பொடிப்பொடியாக உதிர்ந்து தெரியும். சுமார் ஒரு கோடி விண்மீன்கள் அடங்கிய கொத்து அது. நம் ஊர் வானத்தின் பெரிய சொத்து என்று நான் இதைத்தான் சொல்வேன்.

தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று, “ஆமா, தெரியுது” என்று நகர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். “எனக்கு வெளிச்சம் மட்டும் வருது, சனியோட வளையம் தெரியல” என்று சொன்னால் கருவிக்காரர் உடனே என்ன தவறு என்று பார்ப்பார். அவருக்கும் அது உதவி.

இருட்டைத் தேடிப் போகும்போது

மூன்று நாலு கூட்டம் ஆனபின் மன்றத்தோடு வெளியூருக்குப் போகலாம். வட மாவட்டக்காரர்கள் பெரும்பாலும் ஜவ்வாது மலைப் பக்கம் போவார்கள். அங்கேதான் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986-ல் இயங்கத் தொடங்கிய அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம். 1988-ல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தைப் பார்க்க விரும்பினால் அதற்கென்று உள்ள நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பகலோடு போய்விடுங்கள். அந்தப் பகுதிச் சாலையில் இரவில் விளக்கடித்துக்கொண்டு திரிவது அங்கே வேலை செய்பவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தெரிந்தவர் தோட்டம், பள்ளி மொட்டைமாடி, தங்கும் விடுதியின் திறந்த வெளி, இவைதான் பத்திரம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பூச்சி பொட்டு வரும் இடம். பின்னிரவு மூன்று மணிக்குக் கருவியின் கண்ணாடியில் பனி கோத்துக்கொள்ளும். துணியால் துடைக்காதீர்கள், மூடியைப் போட்டுத் தானாகக் காயவிடுங்கள். விடிந்ததும் வண்டியை எடுத்து ஓட்டாதீர்கள். இரவெல்லாம் விழித்தவர் காலை எட்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து. மூன்று மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். நாங்கள் இதைக் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறோம்.

இப்போது கருவியைப் பற்றி

ஐந்தாறு கூட்டம் ஆனபின் வாங்கலாம். அதற்குள் நாலைந்து விதக் கருவிகளில் கண் வைத்திருப்பீர்கள், எது உங்கள் முதுகுக்கும் வண்டிக்கும் தாங்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர். முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். அதற்குப் பிறகு, மனம் நின்றுவிட்டது என்று தெரிந்தால், ஆறு அல்லது எட்டு அங்குல டாப்சோனியன். கீழே ஒரு மரப்பெட்டி, அதன்மேல் குழாய், கையாலேயே தள்ளித் திருப்புவது. மோட்டாரும் இல்லை, பழுதாக அதிகம் எதுவும் இல்லை.

என் பரண் கருவியின் 525 மடங்குக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அதன் குவிய தூரம், அதாவது முன்கண்ணாடியிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரையான தூரம், 700 மில்லிமீட்டர், ஐபீஸின் குவிய தூரம் 4 மில்லிமீட்டர், வகுத்தால் 175. அதோடு, அதை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற கூடுதல் லென்ஸ், ஆக 525. எண் சரிதான். ஆனால் ஒரு கருவி தாங்கும் உருப்பெருக்கம் அதன் முன்கண்ணாடி விட்டத்தில் மில்லிமீட்டருக்கு சுமார் இரண்டு மடங்கு. 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120-தான் எல்லை. அதற்கு மேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம்.

இதைவிட முக்கியமானது: மலிவான கருவிகளோடு, ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்பு ‘சன் ஃபில்டர்’ ஒன்று வரும். அதை இன்றே குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலில் சூடேறி அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், பார்த்துக்கொண்டிருக்கும் கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். மன்றத்தில் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் முதல்முறை சூரியன் பக்கம் கருவியைத் திருப்பாதீர்கள்.

வாங்கியதைச் சோதிக்க ஒரு நல்ல பொருள் அருந்ததி. கல்யாணப் பகலில் ஐயர் விரல் காட்டிய திசையில் நாம் எதையும் பார்த்ததில்லை. ஏப்ரல் இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரத்தைப் பாருங்கள், வசிஷ்டரை ஒட்டி அருந்ததி வெறும் கண்ணுக்கே தெரியும். கருவியைத் திருப்பினால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். பிரியவில்லை என்றால் ஃபோகஸ் சரியில்லை.

உங்களுக்கென்று ஒரு வேலை

வேடிக்கை பார்ப்பது ஒரு வருடத்தில் அலுத்துவிடும். அதற்குள் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலாப் பள்ளங்களை வரைவது, சூரியக் கரும்புள்ளிகளைத் தினமும் எண்ணுவது, ஒளி மாறும் நட்சத்திரங்களை மதிப்பிட்டு எழுதுவது. கடைசியில் சொன்னதற்கு 1911-லிருந்து உலகமெங்கும் அமெச்சூர்களின் பதிவுகளைச் சேர்க்கும் அமைப்பே இருக்கிறது. நம் மண்ணில் அந்த வேலைக்குப் பழைய வேர் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மதராஸ் வான் ஆய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

கிரகணத்துக்குத் தயாராவதும் ஒரு வேலைதான். 2031 மே 21 அன்று அடுத்த வளையக் கிரகணம் தென் தமிழகத்தைத் தொட்டு, இலங்கையின் வடக்கு வழியாகப் போகிறது. அன்று மைதானத்தில் கண்ணாடி கொடுக்க ஆள் வேண்டும்.

நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள் என்பது சந்தா ரசீதில் தெரியாது. ஒரு வளர்பிறை மாலையில், கடற்கரையிலோ கோயில் திடலிலோ மன்றம் நிலா காட்டும்போது, “வரிசை பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்க” என்று உங்களைக் கருவியோடு விட்டுவிட்டு மூத்தவர் டீ குடிக்கப் போவார். பூமி சுற்றுவதால் நிலா ஐபீஸைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். நூறு மடங்கில் இரண்டு நிமிஷத்துக்குள் பார்த்த இடம் வெளியே போய்விடும். இரண்டு பேருக்கு ஒருமுறை குனிந்து குழாயை மயிரிழை தள்ளித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் முதல் மாலையில் வரிசையில் சுண்டல் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஐபீஸைத் தொடாமல் குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. “சல்லடை மாதிரி இருக்கே தம்பி” என்றார். பிறகு நிமிர்ந்து வெறுங்கண்ணால் ஒருமுறை நிலாவைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். அதற்குள் நிலா நகர்ந்துவிட்டது. நான் தள்ளிக் கொடுத்தேன்.